செங்கல் லோடுடன் மேம்பாலம் ஏறினால் கரும்புகை: பம்பு ஸ்குரூவைக் குறைக்கலாமா?

பள்ளிகொண்டா வண்டிக்காரர்:
ஐயா, 2012 மாடல், பிஎஸ் 3 (பாரத் ஸ்டேஜ் என்னும் புகை விதி) வகை, பழைய மெக்கானிக்கல் டீசல் பம்பு கொண்ட சிறிய சரக்கு வண்டி ஒன்றை வாங்கி, சூளையிலிருந்து செங்கல் ஏற்றி ஓட்டுகிறேன். லோடுடன் காட்பாடி ரயில்வே மேம்பாலம் ஏறும்போது, பின்னால் ஸ்கூட்டரில் வரும் பெண்கள் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொள்ளும் அளவுக்குக் கரும்புகை அடிக்கிறது. புகைச் சோதனையில் புகையின் அடர்த்தி 3.4 என்று வந்ததால் சான்று கிடைக்கவில்லை. டீசலைப் பீய்ச்சும் நாசில்களில் குறையில்லை. சோதனையன்று மட்டும், டீசல் அளவை வைக்கும் பம்பு ஸ்குரூவைக் குறைத்துவிட்டு மறுநாள் பழையபடி ஏற்றிக்கொள்ளலாம் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?

சத்துவாச்சாரி பட்டறைக்காரர்:
தம்பி, உங்கள் மெக்கானிக் தம்மை அறியாமலே நோயைச் சொல்லிவிட்டார். குறைத்தால் சான்று கிடைக்கும் என்றால், இப்போது அது ஏற்றி வைக்கப்பட்டிருக்கிறது என்றுதானே பொருள்? கம்பெனியில் அந்த ஸ்குரூவுக்குக் கம்பி கோத்து சீல் வைத்திருப்பார்கள். அது இருக்கிறதா என்று பாருங்கள். இழுவைக்காக யாரேனும் திருகியிருந்தால், எரியப் போதிய காற்று கிடைக்காத டீசல் கரியாக வெளியேறும், சூடு மிகுந்து பிஸ்டனும் கெடும். (நீலப் புகையாக இருந்தால் ஆயில் எரிகிறது என்பேன், அது வேறு கதை.) முதலில் ஏர் ஃபில்டரை மாற்றுங்கள், பிறகு பம்பை டெஸ்ட் பெஞ்சில் ஏற்றி அளவு வைக்கச் சொல்லுங்கள். நீங்களாகத் திருக வேண்டாம்.

பள்ளிகொண்டா வண்டிக்காரர்:
புது வண்டிகளில் இருக்கும் கரித்துகள் வடிகட்டியை இதில் மாட்ட முடியுமா?

காட்பாடி வாசகர்:
பயனில்லை. 2020 ஏப்ரலில் வந்த பிஎஸ் 6 வண்டிகளில், சேர்ந்த கரியை ஏறத்தாழ 600 டிகிரி சூட்டில் எரித்துத் தள்ளும் வேலையைக் கணினி பார்த்துக்கொள்கிறது. உங்கள் வண்டியில் கணினியே இல்லை, சில நாள்களில் அடைத்துவிடும். புகைச் சோதனையில் உங்களுக்குரிய வரம்பு 2.45தான், பிஎஸ் 4 வண்டிக்குத்தான் 1.62. ஆனால் அச்சோதனை, வண்டியை நிறுத்தி, லோடில்லாமல் ஆக்சிலேட்டரை மிதித்து எடுப்பது என்பதை மறக்க வேண்டாம்.

பள்ளிகொண்டா வண்டிக்காரர் (பத்து நாள் கழித்து):
சீல் இல்லை, கம்பி கோத்த துளை மட்டுமே இருந்தது. ஃபில்டர் செங்கல் நிறத்தில் இருந்தது; அதை மாற்றியதும் 2.9, பம்பைச் சரிசெய்த பின் 1.9. சான்று கிடைத்துவிட்டது. ஆனால் மேம்பாலத்தில் முதல் கியரில்தான் ஏறுகிறது, புகையும் சிறிது இருக்கிறது.

சத்துவாச்சாரி பட்டறைக்காரர்:
எத்தனை கல் ஏற்றுகிறீர்கள்?

பள்ளிகொண்டா வண்டிக்காரர்:
எழுநூறு.

சத்துவாச்சாரி பட்டறைக்காரர்:
கல் 3 கிலோ என்றாலும் 2 டன்னைத் தாண்டுகிறதே, தம்பி! ஆர்.சி. புத்தகத்தை எடுத்துப் பாருங்கள்.

பள்ளிகொண்டா வண்டிக்காரர்:
பார்த்தேன், ஐயா. நாளை முதல் கல்லைக் குறைத்து, நடையைக் கூட்டிக்கொள்கிறேன்.