சூப்பர்ஹீரோ படங்களோட வசூல் ஏன் விழுது: சலிப்பா, செலவா? (கடைசிவரிசை, வசூல்கணக்கு, இடைவேளைங்கிற புனைபெயர்கள்ல மூணு பேர் விவாதிக்கிறாங்க)

கடைசிவரிசை:
2019-ல அவெஞ்சர்ஸ் எண்ட்கேம் உலகம் முழுக்க ஏறக்குறைய 280 கோடி டாலர். 2023-ல தி மார்வெல்ஸ் 20.6 கோடி. அதே மார்வெல் கம்பெனி, நடுவுல நாலே வருஷம். ஜனங்களுக்குச் சலிச்சுப்போச்சு, அவ்வளவுதான்.

வசூல்கணக்கு:
சிகரத்தையும் பள்ளத்தையும் மட்டும் பக்கத்துல வச்சா அப்படித்தான் தெரியும். அதே 2023-ல வந்த ரெண்டு படத்தை எடுங்க. ஆன்ட்மேன் குவாண்டமேனியா அமெரிக்காவுல 10.6 கோடி ஓப்பனிங் (முதல் வாரக்கடைசி வசூல்), அடுத்த வாரக்கடைசியில சுமார் 70% சரிவு. கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி மூணாம் பாகம் 11.8 கோடி ஓப்பனிங், சரிவு 48% மட்டும். அமெரிக்க மொத்தத்தை ஓப்பனிங்கால வகுத்தா முதல் படம் 2 மடங்கு, அடுத்தது 3 மடங்கு. சலிப்புன்னா கார்டியன்ஸ் மட்டும் எப்படித் தப்பிச்சது? ஓப்பனிங் பேரைப் பார்த்து வர்ற கூட்டம். ரெண்டாவது வாரம்தான் படத்துக்கு வர்ற கூட்டம்.

(ரிலீஸுக்கு முந்தின நாள், வியாழன் ராத்திரி பிரிவ்யூ காட்சிகளோட வசூலை வெள்ளிக்கிழமையில சேர்த்துடுவாங்க. ஓப்பனிங் அதனால ஊதிடும், ரசிகர் படை உள்ள எந்தப் படத்துக்கும் சரிவு கொஞ்சம் பெருசாவே தெரியும்.)

இடைவேளை:
சலிப்பு இல்லை, வீட்டுப்பாடம். தி மார்வெல்ஸ்ல மூணு நாயகிகள்ல ரெண்டு பேரைப் புரிஞ்சுக்க வாண்டாவிஷன், மிஸ் மார்வெல்னு ரெண்டு ஓடிடி சீரியல் பார்த்திருக்கணும். டிக்கெட் வாங்குறவன் எதுக்கு சந்தாவும் கட்டணும்?

வசூல்கணக்கு:
டெட்பூல் & வுல்வரினும் வீட்டுப்பாடம்தானே? லோக்கி சீரியல் சமாச்சாரம், ஃபாக்ஸ் கம்பெனி எடுத்த பழைய மார்வெல் படங்கள்னு அத்தனையும் உள்ளே. 133 கோடியைத் தாண்டிடுச்சே!

இடைவேளை:
வுல்வரினை 2000-லிருந்து தியேட்டர்லயே பார்த்துப் பழகியாச்சு. அந்த முகத்துக்குப் பாடம் வேண்டாம்.

கடைசிவரிசை:
சரி, சூப்பர்மேன் 2025-க்கு வீட்டுப்பாடமே கிடையாது. பார்த்தவங்க சொன்னதும் நல்லாத்தான் இருந்தது. 62 கோடியோட நின்னுடுச்சே?

வசூல்கணக்கு:
இங்கேதான் செலவு வருது. அமெரிக்காவுல சுமார் 35 கோடி, அதுல தியேட்டர் பங்கு போகப் பாதி ஸ்டுடியோவுக்கு: 17.5. வெளிநாட்டுல 26 கோடி, அங்கே 40% தேறும்: 10.4. ஆக 28 கோடி. தயாரிப்புச் செலவுன்னு வெளியான தொகை 22.5. மிச்சம் 5.5 கோடிதான், இந்த அளவு படத்துக்கு விளம்பரமே 10 கோடிக்குக் குறையாது. ஓடிடி, டிவி உரிமை வந்து சேர்ந்தாத்தான் லாபம். இதே கூட்டம், 12 கோடியில எடுத்திருந்தா தியேட்டர்லயே ஜெயிச்ச படம். 2019 ஜோக்கர் 7 கோடிக்குள்ள எடுத்து 100 கோடி தாண்டலையா?

இடைவேளை:
அதோட ரெண்டாம் பாகத்தையும் சொல்லுங்க. சுமார் 20 கோடி செலவு, வசூலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஆனா அங்கே குத்தம் செலவு மட்டும் இல்லை. முதல் நாள் பார்த்தவங்ககிட்ட மார்க் கேட்கிற சினிமாஸ்கோர் சர்வேயில டி கிரேடு போட்டாங்க. முதல் பாகத்துக்கு வந்தவங்களுக்குப் பாட்டுப் படம் கொடுத்தா வேற என்ன போடுவாங்க?

கடைசிவரிசை:
சீனாவை எல்லாரும் மறந்துட்டீங்க. எண்ட்கேமுக்கு அங்கே மட்டும் 63 கோடி. அப்புறம் 2023 பிப்ரவரி வரைக்கும் மூணு வருஷத்துக்கு மேல மார்வெல் படங்களுக்கு அங்கே ரிலீஸே கிடைக்கலை. திரும்பி வந்ததும் நல்ல பேர் வாங்கின கார்டியன்ஸுக்கே 9 கோடி தேறலை. அந்தக் கூட்டம் போனது போனதுதான்.

வசூல்கணக்கு:
அது சரியான வாதம், ஒத்துக்கிறேன். ஆனா அங்கே ஸ்டுடியோவுக்குக் கால் பங்குதான். அந்த 63 கோடியிலயும் கைக்கு வந்தது 16 கோடிகூட இல்லை.