தகவல் முறைமைத் துறைக்குப் போக பி.காம். சி.ஏ.வா, பி.சி.ஏ.வா?

கேள்வி:
பன்னிரண்டாம் வகுப்பில் வணிகவியலும் கணக்குப்பதிவியலும் படித்த எனக்கு, நிறுவனங்களின் தகவல் முறைமைகளைக் கையாளும் வேலைக்குப் போக வேண்டும் என்பதே விருப்பம். அதற்கு பி.காம். கணினிப் பயன்பாடு (பி.காம். சி.ஏ.) ஏற்றதா, கணினிப் பயன்பாட்டு இளநிலைப் படிப்பான பி.சி.ஏ. ஏற்றதா என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
தம்பி, கொள்முதல், சரக்கு, கணக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் நடத்த உதவும் எஸ்ஏபி மென்பொருளை நிறுவனங்களில் அமைத்துத் தரும் பணியில் இருக்கிறேன். அதில் கொள்முதல் ஆணை, சரக்கு வரவுப் பதிவு, விற்றவர் அனுப்பிய பில் ஆகிய மூன்றும் ஒத்துப்போனால்தான் பணம் கொடுக்க வழி திறக்கும். 100 மூட்டைக்கு ஆணை கொடுத்து, 90 மூட்டை மட்டும் வந்திறங்கி, பில் 100 மூட்டைக்கே வந்திருந்தால் அது அங்கேயே நின்றுவிடும். ஏன் நின்றது என்பதைக் கணக்குப்பதிவியல் அறிந்தவர் உடனே பிடித்துக்கொள்வதையும், நிரல் மட்டுமே எழுதத் தெரிந்தவர் தடுமாறுவதையும் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆகவே என் பரிந்துரை பி.காம்.தான்.

மறுமொழி 2:
அண்ணன் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் தரவுத்தளத்தை மேலோட்டமாகப் படித்துவிட்டு வெளியேறுவது பெருங்குறை. தரவுகளை ஒன்றோடொன்று தொடர்புடைய அட்டவணைகளாக வைக்கும் உறவுசார் மாதிரியை 1970இல் கணினி அறிவியலாளர் எட்கர் காட் முன்வைத்தார்; அதுவே இன்றும் இத்துறையின் அடித்தளம். வாடிக்கையாளரின் தொலைபேசி எண்ணை ஒவ்வொரு ஆர்டரிலும் திரும்பத் திரும்பப் பதிந்துவைத்தால், அவர் எண்ணை மாற்றும்போது எத்தனை இடத்தில் திருத்துவீர்கள்? வாடிக்கையாளர் அட்டவணையில் ஒருமுறை மட்டும் பதிந்தால் ஒரே இடத்தில் திருத்தினால் போதும்; இதைத்தான் அந்த மாதிரி கற்றுத்தருகிறது. எந்தப் படிப்பில் சேர்ந்தாலும் தரவுத்தளத்திலிருந்து வேண்டியதைக் கேட்டுப் பெறும் மொழியான எஸ்க்யூஎல்லில் வினவல்களை நாள்தோறும் எழுதிப் பழகுங்கள். பின்னாளில் எம்.சி.ஏ. படிக்கும் எண்ணம் இருந்தால், சேர்க்கைக்குக் கணிதம் கேட்கிறார்களா என்பதையும் இப்போதே பார்த்துவையுங்கள்.