தை முதல் ஆடி வரை கொங்கு நாட்டில் முதுகுப் பையோடு: எந்த நோம்பி (திருவிழா), எந்த ஊர்?

கேள்வி கேட்டவர்: கடைமடை

எல்லோருக்கும் வணக்கம். நானும் என் வீட்டுக்காரரும் பட்டுக்கோட்டைப் பக்கம். ரெண்டு பேரும் பார்த்த வேலையை விட்டாச்சு, அடுத்தது ஆவணிக்கு மேல்தான், நடுவில் கிடைத்த மாதங்களை வீட்டில் உட்கார்ந்து கரைக்க மனசில்லை. ஆளுக்கொரு முதுகுப் பை, காரும் கிடையாது பைக்கும் கிடையாது, அரசுப் பேருந்தும் நடையும்தான். தை பிறந்ததும் கிளம்பி ஆடி முடிய உங்கள் கொங்கு நாட்டையே சுற்றலாம் என்று இருக்கிறோம்.

ஊட்டி, வால்பாறை பட்டியல் வேண்டாம், அது எங்கேயும் கிடைக்கிறது. எங்களுக்கு வேண்டியது திருவிழாக்கள், அதுவும் கொஞ்சம் விசித்திரமானவை. எங்கள் பக்கம் கொடியேற்றம், வாகனம், தேர், தெப்பம் என்று எல்லாம் ஒரு வரிசையில் போகும். உங்கள் பக்கம் சாணியை ஒருவர் மேல் ஒருவர் எறிகிறார்களாம், தலையில் தேங்காய் உடைக்கிறார்களாம், மாட்டையே நெருப்பில் நடக்க விடுகிறார்களாம். இதெல்லாம் நிஜமா, எந்த மாதம், எந்த ஊர்?

தங்க என்ன செய்வது என்றும் சொல்லுங்கள். அப்புறம் முக்கியமாக, போகிற ஊரில் நாலு பேரோடு பழக வேண்டும், வேடிக்கை பார்த்துவிட்டுப் பஸ் ஏறுவதில் எனக்கு இஷ்டமில்லை. நான் யாரிடமும் பேசிவிடுவேன். அவர் கூட்டம் என்றாலே ஓரமாகப் போய் நிற்கிற ஆள்.

பதில்: சத்திரோடு

வாங்க வாங்க. நீங்கள் கேள்விப்பட்டது எல்லாமே நிஜம்தானுங்க.

மாடு நடப்பது பண்ணாரியில். சத்தியமங்கலத்திலிருந்து மைசூர் போகிற ரோட்டில், திம்பம் மலை ஏறுவதற்கு முன்னாடி அடிவாரத்தில் இருக்கிறது கோயில். பங்குனியில் குண்டம், அதாவது தீமிதி, செவ்வாய்க்கிழமை விடியற்காலை. அதற்கு எரிக்கிற விறகுக்கு எரிகரும்பு என்று பேர், விறகு என்று சொன்னால் பக்கத்தில் நிற்கிற பாட்டி திருத்துவார். முந்தின நாளே வரிசையில் உட்கார்ந்து விடுவார்கள், லட்சக்கணக்கில் ஜனம். மனுசங்க எல்லாம் இறங்கி முடிந்த பிறகு, சுத்துப்பட்டு விவசாயிகள் மாடு கன்றைப் பூங்குழியில் (அந்த நெருப்புக் குழியில்) ஓட்டிக்கொண்டு போவார்கள். அந்த நேரம் கூட்டம் பாதி கலைந்திருக்கும், உங்கள் வீட்டுக்காரருக்குத் தோதான நேரம் அதுதான்.

ஒரு விசயம் தெரிந்துகொள்ளுங்கள். எங்கள் பக்கம் மாரியம்மன் நோம்பி பூச்சாட்டில் ஆரம்பிக்கும். அம்மனிடம் பூ கேட்டு உத்தரவு வாங்கி நாள் குறித்த பிறகுதான் கம்பம், மாவிளக்கு, பொங்கல், கிடாய் வெட்டு, மஞ்சள் நீராட்டு எல்லாம் வரிசையாக வரும். பெரிய கோயில் தேதி பேப்பரில் வரும், சின்ன ஊர் நோம்பிக்கு அப்படி எதுவும் வராது. டீக்கடையில் உட்கார்ந்து, "இந்தப் பக்கம் எந்த ஊரில் சாட்டியிருக்கிறார்கள்?" என்று கேளுங்கள், ஒரு சந்தை நாளில் கேட்டால் அந்த மாதத்துக்கே வேலை கிடைத்துவிடும்.

என் ஓட்டு ஈரோட்டுக்கு. பெரிய மாரியம்மன், சின்ன மாரியம்மன், காரைவாய்க்கால் மாரியம்மன் மூணு கோயிலுக்கும் பங்குனியில் ஒரே சமயத்தில் கம்பம் நடுவார்கள். மூணு கவை உள்ள மரக்கம்பம். அம்மனின் புருசன் என்று ஐதீகம். விடியும் முன்னாடியே பொம்பளைங்க குடத்தோடு வந்து கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள், ஈரத் துணியோடு அந்தக் கூட்டம் ரோட்டில் போகும். ராத்திரி பறை, கம்பத்தைச் சுற்றி ஆட்டம். கடைசி நாள் மூணு கம்பத்தையும் பிடுங்கி ஊர்வலமாகக் கொண்டு போய்த் தண்ணீரில் விடுவார்கள், வழியெல்லாம் ஜனங்கள் உப்பும் மிளகும் எறிவார்கள், மஞ்சள் தண்ணீர் யார் மேல் படும் என்று சொல்ல முடியாது. ஜவுளிக்கடை முதலாளியும் லோடு ஏற்றுகிற பையனும் ஒரே நிறத்தில் நிற்பார்கள். பழைய துணி போட்டுக்கொண்டு வாங்க, கேமராவைப் பாலிதீன் பையில் கட்டிவிடுங்கள்.

பண்ணாரி, ஈரோடு, பழனி பங்குனி உத்திரம் மூணும் சில வருசம் ஒரே வாரத்தில் முட்டிக்கொள்ளும். மூணுக்கும் ஓடாதீங்க.

பதில்: உடுமலை_கிழக்கு

தையில் ஆரம்பிப்பது என்றால் உடுமலைக்கு வந்துவிடுங்கள், முடிந்தால் மார்கழிக் கடைசியிலேயே. பெதப்பம்பட்டி சுத்துவட்டார ஊர்களில் ராத்திரி சலகெருது ஆட்டம் நடக்கும். கோயிலுக்கு நேர்ந்துவிட்ட காளை, முன்னாடி கையில் நீளக் கோலோடு ஒருவர், பின்னாடி உறுமிமேளம். மேளத்துக்குத் தகுந்த மாதிரி அவர் ஆட, கோலைப் பார்த்துக் காளை முன்னே பின்னே பாயும். அடக்குவது கிடையாது, பரிசு கிடையாது. ஜல்லிக்கட்டு மாதிரி நினைத்து வந்தால் ஏமாற்றம்தான், ஒரு மணி நேரம் பொறுமையாக நின்றால் பிடிபடும்.

அந்த மாடுகள் மாட்டுப்பொங்கல் சமயம் போய்ச் சேருகிற இடம் சோமவாரப்பட்டி ஆல்கொண்டமால் கோயில். வீட்டில் கறந்த பாலைச் சாமிக்குக் கொண்டு வருவார்கள், மண்ணில் செய்த மாடு கன்று உருவாரங்களை வாங்கி வைத்து வேண்டிக்கொள்வார்கள். அந்த மண் பொம்மைகளைப் பார்க்கவே நான் வருசா வருசம் போகிறேன்.

பட்டிப்பொங்கலுக்கு ஏதாவது ஒரு தோட்டத்தில் இருங்கள், லாட்ஜில் இருக்காதீங்க. கட்டுத்தறிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு தெப்பக்குளம் கட்டி, பொங்கல் வைத்துச் சாமி கும்பிட்டு, கன்றை அதை மிதிக்க விட்டு "பட்டி பெருக" என்று சத்தம் போடுவார்கள். மறுநாள் பூ நோம்பி: பொண்ணுங்க எல்லாம் கூடிப் போய் ஆவாரம்பூ பறித்து, கும்மி அடித்துத் திரும்பி வருவது. கும்மியில் புது ஆளைத் தள்ளிவிட மாட்டார்கள், வட்டத்துக்குள் இழுத்து விடுவார்கள். நீங்கள் தயார்தானே?

வள்ளி முருகன் கதையைப் பாடி ஆடுகிற வள்ளிக்கும்மிக்கு இப்போது கொங்கு முழுக்க ஒரு அலை அடிக்கிறது. வள்ளி ஒயில் கும்மிக்காகக் காரமடைப் பக்கத்துப் பத்ரப்பன் அய்யாவுக்கு 2024-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். ஊர் ஊராகச் சாயங்காலம் பயிற்சி நடக்கிறது. அரங்கேற்றத்தை விடப் பயிற்சிதான் பார்க்கச் சுவாரசியம்.

பதில்: ரெட்டைப்பை

நாங்களும் புருசன் பொண்டாட்டியாக இதே மாதிரி சுற்றினோம், அதனால் யாரும் சொல்லாத நடப்பு விசயங்களைச் சொல்கிறேன்.

சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் 2021-லிருந்து பெண்களுக்குக் கட்டணம் இல்லை. டிக்கெட் அவருக்கு மட்டும்தான், கண்டக்டர் ரெண்டு பையையும் ஒரு மாதிரி பார்ப்பார், கண்டுகொள்ளாதீங்க.

தங்குவதற்கு ஆதார் ரெண்டு பேருடையதும் கையில் இருக்கட்டும். ஒரு சின்ன ஊர் லாட்ஜில் எங்களிடம் கல்யாண போட்டோ கேட்டார்கள், தாலியைக் காட்டியும் நம்பவில்லை, போனில் தேடி எடுத்துக் காட்டின பிறகுதான் சாவி வந்தது. அதிலிருந்து ஒரு படத்தைப் போனில் முன்னாலேயே வைத்திருந்தோம். கூடாரம் வேண்டாம். கோயில் மண்டபம், தோட்டத்து வீட்டுத் திண்ணை, கல்யாண மண்டப மாடி, இதுவே போதும். பவானியில் ஒரு ஜமக்காளம் வாங்கிவிடுங்கள், கனம் இருக்கும், ஆனால் தரைச் சூடும் குளிரும் ஏறாது, அதை விரித்தால் பக்கத்தில் யாராவது வந்து உட்கார்ந்து "எங்கே வாங்கினது, எவ்வளவு கொடுத்தீங்க" என்று பேச்சை ஆரம்பிப்பார்கள்.

பழகுவது பற்றி. பெரிய நாளுக்கு முந்தின நாள் போய்ச் சேருங்கள். பெரிய நாளில் உங்களை யாருக்கும் கவனிக்க நேரமில்லை. முந்தின நாள் பந்தல் போடுவார்கள், அன்னதானத்துக்கு வெங்காயம் உரிக்க ஆள் தேடுவார்கள், ஒரு அரிவாள்மனை கையில் வந்தால் போதும், நீங்கள் ஒறம்பரை (சொந்தக்காரர்) ஆகிவிடுவீர்கள். கொடுமுடியில் காவிரித் தீர்த்தம் எடுத்துத் தாராபுரம் வழியாகப் பழனிக்கு நடக்கிற பங்குனி உத்திரக் காவடிக் கூட்டத்தோடு கொஞ்ச தூரம் நாங்கள் போனோம். வழியெல்லாம் நீர்மோர்ப் பந்தல், ஏதோ ஒரு களத்தில் அரிசிம்பருப்பு சோறு. அதில் பழகின ஒரு குடும்பம்தான் சித்திரையில் கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்குக் கூட்டிப் போனது. காங்கயம் பக்கம், மாரியம்மன் கோயில் தேரை ஒட்டிக் கூடுகிற சந்தை, கண்ணுக்கு எட்டின மட்டும் காங்கயம் மாடுகள். தரகர் துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேசுவார். பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்தால் முறைப்பார்கள்.

உங்கள் வீட்டுக்காரரைப் பற்றிக் கவலை வேண்டாம். என் வீட்டுக்காரரும் அப்படித்தான். மாட்டுச் சந்தையில் பேசாத ஆளுக்குத்தான் மரியாதை.

பதில்: தாளவாடி வழி

சாணியடி எங்கள் பக்கம். தாளவாடிக்குப் பக்கத்தில் குமிட்டாபுரம், கர்நாடக எல்லை, பேச்சு பூரா கன்னடம், ஆனால் ஈரோடு மாவட்டம். பீரேஸ்வரர் கோயில். தீபாவளி முடிந்து மூணாம் நாள் நடக்கும், ஆக உங்கள் தை டூ ஆடிக் கணக்கில் அது வராது. ஊர் முழுக்க மாட்டுச் சாணத்தை வண்டி வண்டியாகக் கொண்டு வந்து கொட்டுவார்கள், ஆம்பளைங்களும் பசங்களும் சட்டை இல்லாமல் இறங்கி உருண்டை பிடித்து அடிப்பார்கள். முடிந்ததும் அந்தச் சாணத்தை எடுத்துப் போய் வயலில் போடுவார்கள், விளைச்சல் நல்லா வரும் என்று நம்பிக்கை.

ஒன்று சொல்கிறேன், கோபம் வேண்டாம். வருசா வருசம் கேமராக்காரர்கள் வந்து "இன்னொரு தடவை மூஞ்சிக்கு நேரா எறியுங்க" என்கிறார்கள். விசித்திரமான திருவிழா என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் அதுதான் ஞாபகம் வந்தது. வந்தால் ஊருக்குள் யாரிடமாவது சொல்லிவிட்டு நில்லுங்கள்.

திம்பம் மலை 27 கொண்டை ஊசி வளைவு, புலிகள் காப்பகம், ராத்திரி வண்டிகளுக்குக் கட்டுப்பாடு. பகல் பஸ்ஸிலேயே ஏறிவிடுங்கள், நடை என்ற பேச்சே அந்த ரோட்டில் வேண்டாம், யானை இருக்கிறது.

பதில்: கரூர் மேற்கு

தேங்காய் உடைப்பது மேட்டு மகாதானபுரம் மகாலட்சுமி கோயில், கரூர் மாவட்டம், ஆடிப்பெருக்கை ஒட்டி. வரிசையாக உட்கார்ந்திருப்பவர்கள் தலையில் பூசாரி உடைத்துக்கொண்டே போவார். காயம் படுகிறவர்கள் உண்டு. பாருங்கள், உட்காராதீங்க. குண்டத்துக்கும் அதேதான், விரதம் இருந்து இறங்குகிறவர்களுக்கு நடுவில் படம் எடுக்கிறதுக்காக இறங்குகிற ஆட்களை எனக்குப் பிடிக்காது, அவ்வளவுதான்.

அதை விட, ஆடி ஒண்ணாம் தேதி காவிரிக்கரையில் எங்கேயாவது இருங்கள், கரூர், நாமக்கல், ஈரோடு, சேலம் எங்கே என்றாலும் சரி. தேங்காயின் கண்ணைத் துளைத்து உள்ளே வெல்லம், எள்ளு, பாசிப்பருப்பு, அரிசி போட்டு, அழிஞ்சிக் குச்சியில் குத்தித் தெருவில் நெருப்பு போட்டுச் சுடுவார்கள். பாரதப் போர் ஆடி ஒண்ணில் தொடங்கிப் பதினெட்டில் முடிந்தது என்று கதை சொல்வார்கள். கூட்டம் இல்லை, தேர் இல்லை, ஒரு தெருவுக்கு நாலு நெருப்பு, சுற்றிலும் குழந்தைகள். ஓடு வெடித்ததும் எடுத்துச் சூட்டோடு தின்ன வேண்டும். யார் வீட்டு வாசலில் நின்றாலும் ஒரு துண்டு கிடைக்கும்.

ஆடி பிற்பகுதியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தையோடு முடித்துக்கொள்ளலாம். குதிரை நாட்டியம் பார்க்காமல் போகாதீங்க.

கடைமடை:

எல்லோருக்கும் நன்றி. தாளவாடி அண்ணா சொன்னது சுருக்கென்றுதான் இருந்தது, சரி, அது நியாயமான பேச்சு. பண்ணாரியை விட்டுவிட்டு ஈரோடு கம்பத்துக்கு முந்தின வாரமே வந்துவிடுகிறோம். அவர் கண்ணபுரம் சந்தையை மட்டும் ரெண்டு தடவை கோடு போட்டு வைத்திருக்கிறார், எனக்கு அந்தச் சுட்ட தேங்காய். சாணியடிக்கு லீவு கிடைத்தால் தனியாக வருவோம், கேமரா இல்லாமல்.

உடுமலைக்காரரே, பட்டிப்பொங்கலுக்குத் தோட்டத்தில் இருங்கள் என்றீர்கள், யார் தோட்டத்தில்?

உடுமலை_கிழக்கு:

எங்கள் தோட்டத்துக்கே வாங்க. தனிச்செய்தியில் நம்பர் அனுப்புகிறேன். மாட்டுக்கொம்புக்குப் பெயின்ட் அடிக்க ஆள் பத்தவில்லை, உங்கள் வீட்டுக்காரரைப் பழைய சட்டை ஒன்று எடுத்து வரச் சொல்லுங்கள்.