தங்கச்சிமடம் பக்கம் யோகா சொல்லித்தரும் அக்கா யாராவது உண்டா?

எல்லாருக்கும் வணக்கம். மகள் பத்தாம் வகுப்பு. பொழுது சாய்ந்தால் கண் எரிச்சல், தலைவலி. டாக்டரிடம் காட்டியாச்சு, கிட்டப்பார்வைக்குக் கண்ணாடி, வறட்சிக்குச் சொட்டு மருந்து. கச்சான் காற்று அடிக்கும் நாளில் மணலும் சேர்ந்து கண்ணைப் பதம் பார்க்கிறது.

மாமியார் திரிபலா பொடியை ராத்திரி ஊறவைத்து, விடிந்ததும் வடிகட்டிக் கண் கழுவு என்கிறார். கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய் எல்லாம் நல்ல சரக்குதான். ஆனால் நாலாக மடித்த துணியில் வடிகட்டியும் டம்ளர் அடியில் பொடி மண்டி நிற்கிறது. அதைப் பிள்ளை கண்ணில் ஊற்ற எனக்கு மனசு வரவில்லை. உளுந்துமாவில் கண்ணைச் சுற்றி வரம்பு கட்டி நெய் விடும் தர்ப்பணம் என்ற ஆயுர்வேத சிகிச்சையும் வீட்டில் செய்கிற காரியமில்லை.

அதனால் மண்டபம், ராமநாதபுரம் பக்கம் முறையாகப் படித்த ஆயுர்வேத டாக்டர் தெரிந்தால் சொல்லுங்கள். பெண் டாக்டர் என்றால் ரொம்ப நல்லது. மாதவிடாய் வலி பற்றியும் கேட்கணும், ஆண்களிடம் வாயே திறக்க மாட்டாள்.

அப்புறம் யோகா. பாதம் இரண்டையும் சேர்த்து உட்காரும் பத்த கோணாசனம், மூச்சுப் பயிற்சி போதும். தெருவில் இன்னும் சில பிள்ளைகள் வரத் தயார், எங்கள் மொட்டை மாடி இருக்கிறது. கண்ணாடியைக் கழற்ற வைக்கிறேன் என்பவர்கள் மட்டும் வேண்டாம். ஞாயிறு காலை வரக்கூடியவர், கட்டணம் எவ்வளவு என்று உள்பெட்டியில் சொல்லுங்கள்.