ஐரிஷைக் கைவிடாமல் ஸ்பானிஷ் கற்பது எப்படி?

லிஃபிக்கரை:
வணக்கம். டப்ளினில் குடும்பத்துடன் வசிக்கிறேன். மகளைக் கேல்ஸ்கோலில், அதாவது ஆங்கிலம் தவிர்த்த பாடங்களையெல்லாம் ஐரிஷ் வழியே கற்பிக்கும் தொடக்கப் பள்ளியில், சேர்த்தபோது வீட்டுப்பாடத்தில் அவளுக்குத் துணையாக இருக்க வேண்டும் என்பதற்காக நானும் மாலை வகுப்பில் ஐரிஷ் கற்கத் தொடங்கினேன். இப்போது அவளுடைய ஆசிரியையிடம் ஆங்கிலம் கலக்காமல் பேச முடிகிறது. அந்த நிலையை இழக்க எனக்குச் சிறிதும் மனமில்லை. இதற்கிடையில், அலுவலகத்தில் மாட்ரிட் பிரிவுடன் சேர்ந்து பணியாற்றும் பொறுப்பு வந்திருப்பதால் ஸ்பானிஷ் வகுப்பில் சேர்ந்திருக்கிறேன்.

அங்கே ஒரு வாக்கியத்தைப் பாதிவரை சொல்லிவிட்டு அடுத்த சொல் கிடைக்காமல் நிற்கும்போது தமிழோ ஆங்கிலமோ வருவதில்லை, ஐரிஷ்தான் முந்திக்கொண்டு வருகிறது. இரண்டு பெயர்களை இணைக்க ‘இ’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் வாய் ‘அகஸ்’ என்கிறது. நாற்பதைக் கடந்த வயதில் இரண்டையும் ஒருசேரக் கொண்டுசெல்ல இயலுமா, அல்லது ஐரிஷைச் சில மாதங்களுக்கு ஒதுக்கிவைப்பதுதான் நல்லதா?

கோனமாரா வழிப்போக்கர்:
தயவுசெய்து ஒதுக்கிவைக்காதீர்கள். வளர்ந்தபின் கற்ற மொழிகள் ஒன்றையொன்று இடறுவது பலருக்கும் நேர்வதே. தாய்மொழியும் சிறுவயது முதல் பழகிய ஆங்கிலமும் தத்தம் இடத்தில் உறுதியாக இருக்கின்றன. யோசித்துப் பேசும் மொழி என்ற இடத்தில் இதுவரை ஐரிஷ் ஒன்றே இருந்ததால், யோசிக்கத் தொடங்கியதும் அது முதலில் எழுந்து வருகிறது. ஸ்பானிஷ் வலுப்பெறும்போது இது தானாகவே குறையும்.

ஐரிஷை நிறுத்துவதில் உள்ள ஆபத்து வேறு. 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 18.7 லட்சம் பேர் தங்களுக்கு ஐரிஷ் பேசத் தெரியும் என்று பதிவு செய்திருந்தாலும், கல்விக்கூடத்துக்கு வெளியே நாள்தோறும் பேசுவோர் சுமார் 72,000 பேர் மட்டுமே. கேல்தாக்ட் எனப்படும் ஐரிஷ் பேசும் பகுதிகளை விட்டுவிட்டால், டப்ளின் போன்ற நகரில் அந்த மொழி தற்செயலாக உங்கள் காதில் விழப்போவதில்லை; நாம்தான் தேடிப் போக வேண்டும். 1972 முதல் ஒலிபரப்பாகும் ராடியோ ந கேல்தாக்தாவைச் சமைக்கும்போது ஓடவிடுங்கள். அதில் வாசிக்கப்படும் மரண அறிவிப்புகள் எனக்குப் பெரிதும் உதவின. இறந்தவரின் ஊர், இறுதித் திருப்பலி, அடக்கம் என ஒரே அமைப்பில் திரும்பத் திரும்ப வருவதால், ஊர்ப்பெயர்களும் வேற்றுமை வடிவங்களும் முயற்சியின்றியே மனத்தில் படிந்துவிடுகின்றன. டி.ஜி.4 தொலைக்காட்சியின் வானிலை அறிக்கையும் அப்படித்தான்.

இலக்கண ஆர்வலர்:
ஐரிஷ் உங்களுக்கு இடையூறாக மட்டும் இருக்காது என்பதையும் சொல்ல விரும்புகிறேன். ஸ்பானிஷ் கற்பவர்களைத் தொடக்கத்தில் திணறவைப்பது ‘எஸ்’, ‘எஸ்தா’ ஆகிய இரண்டில் எதை எங்கே பயன்படுத்துவது என்பதுதான். ஐரிஷிலும் ‘இஸ்’, ‘தா’ என இரண்டு உண்டு. ‘அவர் மருத்துவர்’ என்று ஒருவரை இன்னார் என அடையாளப்படுத்த வழக்கமாக ‘இஸ்’ வரும், ஸ்பானிஷில் ‘எஸ்’ வரும். ‘அவர் மருத்துவமனையில் இருக்கிறார்’ என்பதற்கு ‘தா’, ஸ்பானிஷில் ‘எஸ்தா’. தமிழிலும் முதல் வாக்கியத்துக்கு வினைச்சொல்லே தேவையில்லை, இரண்டாவதற்கு ‘இருக்கிறார்’ தேவை. ஆகவே இந்தப் பாகுபாடு நமக்குப் புதிதன்று.

பண்பைச் சொல்லும் இடத்தில்தான் கவனம் வேண்டும். ஒரு பையன் உயரமானவன் என்று சொல்ல ஐரிஷில் ‘தா’ போதும்; அது மாறாத இயல்பா, இன்றைய நிலையா என்று அந்த மொழி அங்கே பிரித்துப் பார்ப்பதில்லை. ஸ்பானிஷில் ‘எஸ் ஆல்தோ’ என்பதே பொதுவான கூற்று. ‘எஸ்தா ஆல்தோ’ என்றால், முன்பு பார்த்ததைவிட வளர்ந்துவிட்டானே என்று வியப்பதாகிவிடும். ஐரிஷ் பழகிய நாக்கு இங்கே ‘எஸ்தா’வை நோக்கித்தான் சாயும்.

அட்லாண்டிக்:
முதல் பதிலில் ஒரு பகுதியோடு எனக்கு உடன்பாடில்லை. கேட்பதை நிறுத்த வேண்டாம் என்பது சரி. ஆனால் ஸ்பானிஷ் வகுப்பு உள்ள நாளில் ஐரிஷ் பேசுவதைத் தவிர்க்கலாம் என்பது, ஐரிஷுக்குப் பின் போர்த்துகீசு கற்ற என் அனுபவம். ஓரளவு சரளம் வந்தபிறகு நேர்மாறாகச் செய்யுங்கள்: ஒரே படத்தை முதலில் ஒரு மொழியிலும், உடனே மற்றதிலும் விவரித்துப் பாருங்கள். தாவும் பழக்கத்தையும் பயிற்சியால்தான் பெற முடியும்.

இன்னொன்று: வானொலியில் கோனமாரா, டோனகல், கெர்ரி என மூன்று வட்டார வழக்குகளும் ஒலிக்கும். நலம் விசாரிக்கும் வாக்கியமே மூன்றிலும் வேறு. மூன்றையும் கேட்டுப் புரிந்துகொள்ளுங்கள். பேசுவதற்கு மட்டும், மகளின் பள்ளியில் பழகும் வழக்கு எதுவோ அதையே இப்போதைக்குப் பிடித்துக்கொள்ளுங்கள்.

லிஃபிக்கரை:
அனைவருக்கும் மிக்க நன்றி. ஸ்பானிஷ் வகுப்பு செவ்வாய், வியாழன் மாலைகளில் நடக்கிறது. அந்த இரு நாட்களில் வீட்டுப்பாடத்தைக் கணவர் கவனித்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். ‘தா’, ‘எஸ்தா’ பற்றி ஒரு ஐயம்: ஒருவர் களைத்திருக்கிறார், கதவு திறந்திருக்கிறது என்பன போன்ற நிலைகளுக்கு இரண்டும் ஒத்துப்போகுமா?

இலக்கண ஆர்வலர்:
ஆம், அங்கே இரண்டும் ஒத்துப்போகும். தயங்காமல் ‘எஸ்தா’ என்றே சொல்லுங்கள்.