ஹம்பிக்குப் பிறகு: வெளிநாட்டுப் பயணிகளை இரவில் வெளியே விடலாமா?

வழிப்போக்கன் மதுரை (இழையைத் தொடங்கியவர்)

2025 ஜூன் 16 அன்று அமெரிக்க அரசு இந்தியாவுக்கான பயண எச்சரிக்கையைப் புதுப்பித்துவிட்டது. இரண்டாம் நிலை, அதாவது கூடுதல் கவனத்தோடு இருங்கள் என்று பொருள். சுற்றுலா இடங்களிலும் பாலியல் வன்முறை நடக்கிறது, தனியாகப் பயணம் செய்யாதீர்கள், முக்கியமாகப் பெண்கள், என்று எழுதியிருக்கிறார்கள்.

நான் மதுரையில் டூரிஸ்ட் வேன் வைத்திருக்கிறேன். தஞ்சாவூர், செட்டிநாடு, தேக்கடி என்று ஓட்டம். வருகிறவர்களில் பாதிப்பேர் வெளிநாட்டுக்காரர்கள். மார்ச்சில் ஹம்பி செய்தி வந்த வாரமே எனக்கு இரண்டு பயணம் ரத்தானது. இரண்டும் பெண்கள் மட்டும் வரவிருந்த குழு.

கர்நாடகத்தின் ஹம்பியில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மார்ச் 6 இரவு, ஆற்றுக்கு அக்கரையில் கொப்பள் மாவட்டம் சானாப்பூர் பக்கம், துங்கபத்திரை இடதுகரைக் கால்வாய் ஓரமாக ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஹோம்ஸ்டே நடத்தும் பெண், இஸ்ரேல் நாட்டுப் பெண், அமெரிக்க இளைஞர் ஒருவர், மகாராஷ்டிரத்துக்காரர் ஒருவர், ஒடிசாக்காரர் ஒருவர். பைக்கில் வந்த மூன்று பேர் பெட்ரோல் எங்கே கிடைக்கும் என்று கேட்டார்கள். பிறகு 100 ரூபாய் கேட்டார்கள். பேச்சு முற்றி, ஆண்கள் மூவரையும் கால்வாயில் தள்ளிவிட்டு, இரண்டு பெண்களையும் நாசம் செய்தார்கள். ஒடிசா இளைஞர் இரண்டு நாள் கழித்துப் பிணமாகத்தான் கிடைத்தார்.

என் கருத்து இதுதான். வெளிநாட்டவர் இரவு எட்டு மணிக்கு மேல் ஒதுக்குப்புறமான இடங்களுக்குப் போகக் கூடாது என்று அரசே ஆணை போட வேண்டும். பதிவில்லாத ஹோம்ஸ்டே எல்லாவற்றையும் மூட வேண்டும். வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் கிணறு எந்தப் பக்கம் இருக்கிறது என்று நாம்தான் சொல்ல வேண்டும். பிற நாட்டுத் தூதரகம் சொல்லும் வரை காத்திருப்பது நமக்கு அவமானம்.

மல்லை கலைவாணி

வணக்கம் அண்ணே. நான் மாமல்லபுரத்தில் உரிமம் பெற்ற வழிகாட்டி. பிரெஞ்சுக்காரர்களோடு பதினோரு வருடம். உங்கள் அக்கறையில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நீங்கள் கேட்கிற ஆணை எனக்குச் சம்மதமில்லை.

முதலில் ஒன்று. நீங்களாவது ஐந்து பேரையும் சொன்னீர்கள். பெரும்பாலான செய்திகளில் "இஸ்ரேல் பெண்" என்பதுதான் கொட்டை எழுத்து. அதே இரவில் அதே இடத்தில் அதே கொடுமைக்கு ஆளானவர் அந்த ஊரில் தொழில் செய்த நம் நாட்டுப் பெண். விருந்தினரை நட்சத்திரம் பார்க்க அழைத்துப் போனவர். அவர் தொழிலைத்தான் நானும் செய்கிறேன். உங்கள் ஆணைப்படி இஸ்ரேல் பெண் எட்டு மணிக்கு அறைக்குள் இருப்பார். அந்த ஊர்ப் பெண் வேலை முடிந்து எந்த வழியாக வீட்டுக்குப் போவார்? அவருக்கு எந்த ஆணை? இதை யாரும் கேட்கவில்லை என்பதுதான் என் ஆத்திரம்.

இரண்டாவது, இரவுதான் ஆபத்து என்ற கணக்கே தப்பு. 2018 மார்ச்சில் லாட்வியாவிலிருந்து ஆயுர்வேத சிகிச்சைக்கு வந்திருந்த பெண் கேரளத்தில் போத்தன்கோட்டிலிருந்து ஆட்டோ ஏறி கோவளத்தில் இறங்கினார். காலை நேரம், கடற்கரை முழுக்க ஆட்கள். அன்றோடு காணாமல் போனார். ஐந்து வாரம் கழித்து ஏப்ரல் 20 அன்று திருவல்லம் பக்கம் கண்டல் காட்டுக்குள் உடல் கிடைத்தது. அந்த ஐந்து வாரமும் அவருடைய சகோதரி ஊர் ஊராகப் போய்ச் சுவரில் படம் ஒட்டிக்கொண்டிருந்தார். காணாமல் போன புகாரைக் காணாமல் போன புகாராகவே வைத்திருந்ததுதான் அங்கே நடந்த பிழை. எட்டு மணி விதி அவரைக் காப்பாற்றியிருக்காது.

ஓய்வுபெற்ற ஏட்டு

கன்னியாகுமரி மாவட்டத்தில் 31 வருடம் காவல் பணி பார்த்தவன். இருவருக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது.

வெளிநாட்டவர் தங்கினால், தங்க வைப்பவர் அந்த விவரத்தை 24 மணி நேரத்துக்குள் அரசிடம் பதிய வேண்டும். எங்கள் காலத்தில் அதைச் சி படிவம் என்போம். ஹோட்டலானாலும் ஹோம்ஸ்டே ஆனாலும், சொந்தக்காரர் வீடே ஆனாலும் சட்டம் ஒன்றுதான். அது பதியப்பட்டிருந்தால் ஆள் காணவில்லை என்றதும் எங்கே தங்கினார், என்று வந்தார், எந்த நாடு என்று நிமிடத்தில் எடுத்துவிடலாம். இல்லாவிட்டால் லாட்ஜ் லாட்ஜாக அலைய வேண்டும். எத்தனை ராத்திரி அலைந்திருக்கிறேன் என்று எனக்குத்தான் தெரியும். அதனால் பதிவில்லாத இடத்தை மூடு என்று மதுரைத் தம்பி சொல்வது சரி.

ஆனால் நிஜமான ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு முறை ஜெர்மன் தம்பதியை அடித்துப் பையைப் பிடுங்கிவிட்டார்கள். அந்த அம்மாவுக்குக் கை முறிந்தது. ஆளைப் பிடித்தோம். அடையாள அணிவகுப்புக்கு நாள் குறிப்பதற்குள் அவர்கள் விமானம் ஏறிவிட்டார்கள். விசா முடிகிறது, அங்கே வேலை இருக்கிறது, எத்தனை நாள்தான் இருப்பார்கள்? வழக்கு நீர்த்துப் போனது. வெளியே வந்தவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். வெள்ளைக்காரனை அடித்தால் சாட்சி சொல்லத் திரும்பி வர மாட்டான் என்பது தொழில்முறைக் களவாணிக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் சொல்கிறேன், நடந்த பிறகு எங்களால் முடிகிறது கொஞ்சம். நடக்காமல் தடுப்பதே மேல்.

தனிவழி நிலா

ஐயா சொன்னதுதான் இந்த விவாதத்தின் முடிச்சு. ஆனால் அதிலிருந்து "எனவே அறைக்குள் இருங்கள்" என்ற முடிவுக்கு ஏன் போகிறோம்?

வெளிநாட்டில் இருக்கும் சாட்சியைக் காணொலி வழியாக விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2003லேயே சொல்லிவிட்டது. அமெரிக்காவில் இருந்த ஒரு மருத்துவரின் சாட்சியம் தொடர்பான வழக்கு அது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமும் விசாரணையை மின்னணு வழியில் நடத்த இடம் தருகிறது. புகாரை எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம் என்பதும் அதில் இருக்கிறது. சட்டம் இருக்கிறது. அவர்கள் விமானம் ஏறுவதற்கு முன் மாஜிஸ்திரேட் முன்னால் வாக்குமூலம் வாங்கி, பிறகு காணொலியில் விசாரணை என்று ஒவ்வொரு சுற்றுலா மாவட்டத்திலும் வழக்கமாக்கினால் அந்தக் களவாணியின் சிரிப்பு நிற்கும்.

நான் தனியாகவே பயணம் செய்கிறவள். ஹம்பிக்கு மூன்று முறை போயிருக்கிறேன். ஆற்றுக்கு நடுவே விருபாபுர கட்டே என்று ஒரு தீவு இருந்தது. பயணிகள் எல்லாம் அங்கேதான் தங்குவார்கள். குடிசை, சாப்பாட்டுக் கடை, எந்நேரமும் ஆள் நடமாட்டம். பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள் சட்டவிரோதமாகக் கட்டியவை என்று 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் கொடுத்து, மார்ச்சில் இடித்துத் தள்ளினார்கள். தொல்லியல் காரணம் நியாயமானதுதான், அதை மறுக்கவில்லை. ஆனால் தங்குகிற ஆட்கள் மறைந்துவிடவில்லை. சானாப்பூர், ஆனேகுந்தி என்று வயல்காட்டுக்கு நடுவே சிதறிப்போனார்கள். அண்ணா, நீங்கள் இன்னொரு முறை "மூடு" என்கிறீர்கள். மூடினால் அவர்கள் இதைவிட ஒதுக்குப்புறமாகத்தான் போவார்கள்.

வழிப்போக்கன் மதுரை

நிலா, அப்படியென்றால் சட்டவிரோதக் கட்டடத்தை விட்டுவைக்கச் சொல்கிறீர்களா? பதிவு செய்யச் சொன்னால் பதிவு செய்யட்டும். நான் வண்டிக்கு பெர்மிட், எஃப்சி, இன்சூரன்ஸ் எல்லாம் கட்டுகிறேன். அவர்களுக்கு மட்டும் விலக்கு எதற்கு?

கலைவாணி சொன்னது சுட்டது. அந்த ஊர்ப் பெண்ணைப் பற்றி நான் யோசிக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஊர்க்காரருக்கு மொழி தெரியும், ஆள் தெரியும், எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியும். வெளியூர் ஆளுக்கு அது எதுவும் தெரியாது. அதனால்தான் கூடுதல் காவல் கேட்கிறேன்.

அறுகம்பே ரமேஷ்

நான் இலங்கையில, பொத்துவிலில சின்ன கெஸ்ட் ஹவுஸ் நடத்திறன். எங்கட அனுபவத்தையும் கேளுங்கோ.

2011 நத்தார் (கிறிஸ்துமஸ்) அன்று விடியப்புறம் தங்காலையில ஒரு ஹோட்டலுக்குள்ள வச்சு பிரித்தானியச் செஞ்சிலுவைப் பணியாளர் ஒருத்தரைக் கொன்றாங்கள். அவரோட வந்த ரஷ்யப் பெண்ணையும் சீரழிச்சாங்கள். முக்கிய குற்றவாளி யார் தெரியுமோ? அந்த ஊர்ப் பிரதேச சபைத் தலைவர், ஆளுங்கட்சிக்காரர். வழக்கு அசையவே இல்லை. பிரித்தானிய எம்.பி. ஒருத்தர் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். 2013இல பொதுநலவாய மாநாடு கொழும்பில நடந்த நேரம் உலகமே பார்த்தது. பிறகுதான் 2014 ஜூலையில நாலு பேருக்கு 20 வருஷம் கிடைச்சது. அந்த இடைப்பட்ட காலத்தில ஆட்கள் வாறது குறையவே இல்லை, கூடிக்கொண்டுதான் போச்சுது. அதனால "எண்ணிக்கை குறையேல்லை, எல்லாம் சரி" எண்டு ஆரும் சொன்னா நான் நம்ப மாட்டன். எண்ணிக்கைக்கும் நீதிக்கும் சம்பந்தமில்லை.

ஆனா பயம் ஊர் முழுக்கப் பரவினா வேற கதை. உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பு நடந்த 2019இல, மே மாதம் முழு நாட்டுக்கும் வந்தது 37,802 பேர். முந்தின வருஷம் அதே மாதம் 1,29,000க்கு மேல. எங்கட ஊரில ரொட்டிக் கடை போட்ட அம்மாவும் முச்சக்கரவண்டிப் பொடியனும் எப்படிச் சாப்பிட்டாங்கள் எண்டு எந்தத் தூதரகமும் கேக்கேல்லை. 2024 ஒக்டோபரிலயும் எங்கட அறுகம்பேயில தாக்குதல் நடக்கலாம் எண்டு அமெரிக்கத் தூதரகம் எச்சரிக்கை விட்டது. சந்திக்குச் சந்தி பொலிஸ், எஸ்.டி.எஃப். எண்ட விசேட அதிரடிப் படை. என்ர வீட்டில இருந்த ஆட்கள் அடுத்த நாளே பை கட்டிட்டாங்கள். ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கேல்லை, அதுக்கு நன்றிதான். ஆனா துவக்கைப் பார்த்துக்கொண்டு கடல் குளிக்க ஆரும் வர மாட்டினம். மதுரை அண்ணன் கேக்கிற ஆணையும் அப்படித்தான் முடியும்.

ஓய்வுபெற்ற ஏட்டு

ரமேஷ் தம்பி, துப்பாக்கியோடு நிற்பது வேறு, ரோந்து வேறு. ராத்திரி பத்து மணிக்கு ஒரு பீட் கான்ஸ்டபிள் பைக்கில் அந்தக் கால்வாய்க் கரையைச் சுற்றி வந்திருந்தால் போதும். அந்த மூன்று பேரும் ரவுடிப் பட்டியலில் இருந்த பெரிய புள்ளிகள் இல்லை. பைக்கில் சுற்றிய பையன்கள். இருட்டும் ஆள் இல்லாத இடமும்தான் அவர்களுக்குத் துணிச்சல் கொடுத்தது. மூன்றாமவன் ஓடி வந்து தமிழ்நாட்டில்தான் பிடிபட்டான். மூன்றே நாளில் பிடித்தார்கள், அந்த வேலையை நான் மதிக்கிறேன்.

நிலா சொன்ன காணொலி விஷயத்தை யோசித்தேன். எங்கள் காலத்தில் அது இல்லை. இருந்திருந்தால் அந்த ஜெர்மன் அம்மாவுக்காவது ஏதாவது செய்திருப்போம்.

தனிவழி நிலா

இன்னொரு ஊர்க் கதை, மதுரை அண்ணாவுக்காக. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் 1992 அக்டோபரிலிருந்து ஓராண்டுக்குள் ஒன்பது வெளிநாட்டுப் பயணிகள் கொல்லப்பட்டார்கள். எப்படி அடையாளம் கண்டார்கள்? வாடகைக் கார்களின் நம்பர் பிளேட் தனி எழுத்தில் தொடங்கும். விமான நிலையத்திலிருந்து வெளியே வரும் வண்டியைப் பார்த்ததும் இவன் ஊருக்குப் புதியவன், கையில் பணம் இருக்கும், வழி தெரியாது என்று கொள்ளையனுக்குத் தெரிந்துவிடும். மாநில அரசு என்ன செய்தது? வாடகைக் காருக்குத் தனி நம்பர் என்பதையே எடுத்தது. மயாமியில் முக்கியச் சாலைகளில் ஆரஞ்சு நிறச் சூரியன் படம் போட்ட பலகை வைத்தது, அதைத் தொடர்ந்து போனால் வழி தவறாது. பயணிகளைப் பூட்டவில்லை. கொள்ளையனுக்கு வசதியாக இருந்த அடையாளத்தை அழித்தார்கள்.

வழிப்போக்கன் மதுரை

நல்ல உதாரணம். ஆனால் நம் ஊரில் நம்பர் பிளேட்டை மாற்றலாம், தோல் நிறத்தை எப்படி மாற்றுவது? பஸ் ஸ்டாண்டில் இறங்கியதுமே நூறு கண் அவர்கள் மேல்தான்.

மல்லை கலைவாணி

நிறத்தை மாற்ற வேண்டாம் அண்ணே. இருட்டை மாற்றலாம். சானாப்பூர்க் கால்வாய்க்கு விளக்கு போடலாம். சுற்றுலா அமைச்சகத்தின் 1363 உதவி எண் 12 மொழிகளில் இயங்குகிறது, அதை எத்தனை ஹோம்ஸ்டே சுவரில் பார்த்திருக்கிறீர்கள்? நான் என் பயணிகளிடம் முதல் நாளே போனில் சேமிக்கச் சொல்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2014இல் தாய்லாந்தின் கோ தாவோ தீவில் இரண்டு பிரிட்டிஷ் இளைஞர்கள் கொலையானபோது, பிகினி போட்டுக்கொண்டு பாதுகாப்பாக இருக்க முடியுமா என்று அந்நாட்டுப் பிரதமரே கேட்டு, பிறகு மன்னிப்பும் கேட்டார். எட்டு மணிக்கு ஏன் வெளியே வந்தாய் என்ற கேள்வியும் அதே இடத்தில்தான் போய் நிற்கும். ஆணை என்று ஒன்று வந்துவிட்டால், ஒன்பது மணிக்கு அடிபட்டவள் புகார் கொடுக்கவே பயப்படுவாள்.

நேராக ஒரு கேள்வி. மீனாட்சி கோயிலில் சுந்தரேசுவரர் பல்லக்கில் பள்ளியறைக்குப் போவதை உங்கள் பயணிகள் பார்ப்பார்களா, மாட்டார்களா? அது முடிய ஒன்பதைத் தாண்டும்.

வழிப்போக்கன் மதுரை

கட்டாயம் பார்ப்பார்கள். அதைப் பார்க்காமல் மதுரைக்கு வந்து என்ன பயன்? ஆனால் கோயில் வேறு, கால்வாய்க் கரை வேறு. அங்கே விளக்கு இருக்கிறது, ஜனம் இருக்கிறது, பூக்காரம்மா இருக்கிறார், வாசலில் போலீஸ் இருக்கிறது.

மல்லை கலைவாணி

அதைத்தான் நானும் கேட்கிறேன்.

வழிப்போக்கன் மதுரை

அந்த விளக்கும் போலீஸும் சானாப்பூருக்கு வரும் வரை என்ன செய்வது? அதுவரைக்குமாவது அந்தக் கரைக்குப் போக வேண்டாம் என்று நான் சொல்லத்தான் செய்வேன். பதிவு விஷயத்திலும் நான் மாறவில்லை. எட்டு மணி என்று பொத்தாம்பொதுவாக எழுதியதை மட்டும் திரும்பப் பெறுகிறேன்.

ஜூலையில் ஒரு பிரெஞ்சு அம்மாவும் மகளும் வருகிறார்கள். பள்ளியறை பூஜை பார்க்க வேண்டும் என்று இப்போதே எழுதியிருக்கிறார்கள். வேனை மேற்குக் கோபுரம் பக்கம் தள்ளித்தான் நிறுத்த முடியும், அங்கிருந்து சந்து வழியாக நடக்க வேண்டும். இந்த முறை நானே உள்ளே கூடப் போய் அழைத்து வரலாம் என்றிருக்கிறேன். கலைவாணி, அந்த 1363 எண்ணைப் பற்றி பிரெஞ்சில் இரண்டு வரி எழுதிக் கொடுங்கள், வேன் கதவின் உள்பக்கம் ஒட்டுகிறேன்.