பாளையங்கோட்டையில் ஒடியா பேசத் தெரிந்த ஒருவர் அவசரமாகத் தேவை

பாளையங்கோட்டையில் எங்கள் சர்ச் காம்பவுண்டு சுவரோரம் பொங்கல் சமயத்திலிருந்து ஒருவர் படுத்திருக்கிறார். வயது ஐம்பதுக்குள். இடது குதிகாலில் புண், கணுக்கால்வரை வீக்கம், இப்போது சீழும் வைத்துவிட்டது. தமிழ் சுத்தமாகத் தெரியவில்லை.

108-ஐக் கூப்பிட்டோம். வண்டி வந்தது, கையைப் பிடித்ததும் பயந்து கத்தி, ஏற மறுத்துவிட்டார். சபையில் நர்ஸாக இருக்கும் அக்கா மருந்து கட்டப் போனார். காலைத் தொடவே விடவில்லை. இந்தியில் பேசினால் பதில் இல்லை. பக்கத்தில் கட்டட வேலை பார்க்கும் பீகார் தம்பிதான், அவர் முணுமுணுப்பது ஒடியா மாதிரி இருக்கிறது என்றான். அவனுக்கும் அது பேச வராது. முதியோர் உதவி எண் 14567 அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத்தான், அதனால் இவருக்கு உதவாது. சாப்பாடு மட்டும் வாங்கிக்கொள்கிறார், அதிலும் முதல் இட்லியைப் பிய்த்துப் பக்கத்து நாய்க்குப் போட்டுவிட்டுத்தான் வாயில் வைப்பார்.

சோறு கொடுத்தால் மட்டும் போதாது. பைபிளில் இயேசு சொன்ன கதையில், வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்குச் சமாரியன் முதலில் காயத்தைக் கட்டினான், அப்புறம்தான் சத்திரத்துக்குக் கொண்டுபோனான். நாங்கள் அந்த முதல் படியிலேயே நிற்கிறோம். வலுக்கட்டாயமாகத் தூக்கிப்போக மனமில்லை. அவரே சம்மதித்து வர வேண்டும்.

நெல்லைப் பக்கம் ஒடியா தெரிந்தவர், நேரில் வந்து அவரிடம் கொஞ்ச நேரம் பேசக்கூடியவர் யாராவது இருக்கிறார்களா?